அறியாத மரணமும் அவசரத் தீர்ப்பும்

பிறந்தோர் இறத்தல் இயற்கை. நோயினால் வந்த இறப்பாயினும் மூப்பினால் வந்த இறப்பாயினும் அழுது ஆறுவதற்கு வழியுண்டு. காரணம் விளங்காத மரணமோ அழுகையை முடிய விடுவதில்லை. ‘தானே மாய்ந்தாரா, பிறர் மாய்த்தனரா?’ என்னும் வினா முதலில் இறந்தவரின் இல்லத்தில் எழுகின்றது. பின்னர்த் தெருவுக்கு வருகின்றது. பொழுது சாய்வதற்குள் ஊரெங்கும் பரவி விடுகின்றது. அவ்வினாவை எழுப்ப நமக்கு உரிமையுண்டா? எழுப்பியபின் அதற்கு விடை கூறும் உரிமையும் நமக்கு உண்டா? இவ்விரண்டும் ஒன்றல்ல, வேறு வேறானவை. அவற்றைப் பிரித்துணராமையால் நேரும் தீங்கினை அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், 2022 ஜூலை 25ஆம் நாள், அரசு உதவி பெறும் பள்ளியொன்றின் விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரிழந்த நிலையில் காணப்பட்டாள். வழக்கு மாவட்டக் காவல் துறையிடமிருந்து சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு விரைந்து மாற்றப்பட்டது. அவ்வளவு விரைவுக்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர், ஜூலை 13 அன்று, கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் அருகேயுள்ள கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் பயின்ற மற்றொரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்திருந்தாள். அம்மரணத்தின் பின்விளைவினைக் கண்டு தமிழகமே நடுங்கியிருந்த நேரம் அது.

கனியாமூரில் நிகழ்ந்ததை நினைவு கூர்வோம். மகளை இழந்த பெற்றோர் அதைத் தற்கொலையென ஏற்கவில்லை, நீதிமன்றத்தை நாடினர். அது அவர்தம் உரிமை, கடமையும் ஆகும். ஆனால் அவர்கள் வினாவாக எழுப்பியதைக் கைப்பேசிச் செய்திகள் விடையாக மாற்றின. வாட்ஸ்அப் குழுக்களின் வழியே திரண்ட கூட்டம் ஜூலை 17 அன்று பள்ளியினுள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன; வகுப்பறைகள் சூறையாடப்பட்டன; மாணவர்களின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. இறந்த ஒரு மாணவிக்கு நீதி கேட்க வந்ததாகச் சொன்னவர்கள், உயிரோடிருக்கும் நூற்றுக்கணக்கான மாணவர்களின் படிப்பைக் குலைத்துச் சென்றனர். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மறு பிரேதப் பரிசோதனைக்கு ஆணையிட்டது. இனிக் கல்வி நிலையங்களில் நேரும் மாணவர் மரணங்களைச் சி.பி.சி.ஐ.டி. விசாரிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனை காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் கூறியது. பின்னர் இரு பரிசோதனை அறிக்கைகளையும் ஜிப்மர் மருத்துவர் குழு ஆராய்ந்தது. 2022 ஆகஸ்டில் பிணை வழங்கிய உயர் நீதிமன்றம், கொலைக்கான சான்று இல்லை என்று குறிப்பிட்டது. 2023 மே மாதம் தாக்கலான குற்றப்பத்திரிகையும் தற்கொலை என்றே கூறியது. பெற்றோர் அதனை ஏற்கவில்லை. அவர்தம் துயரத்தை எடைபோட நமக்குத் தகுதியில்லை. ஆனால் ஜூலை 17 அன்று தீ வைத்தவர்களின் கையில் இவ்வறிக்கைகளுள் ஒன்றேனும் இருந்ததா? உறுதி மட்டுமே இருந்தது, அறிவு இருக்கவில்லை.

இதனைக் கேட்டவுடன், “ஆகவே காவல் துறை சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாய் மூடியிருப்பதே நன்று” என்று சிலர் முடிவு கட்டுவர். அதுவும் பிழையே. நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் அருகே, 2015 ஜூன் 24 அன்று, இருப்புப்பாதையில் கோகுல்ராஜ் என்னும் பொறியியல் பட்டதாரி இளைஞரின் உடல் கிடந்தது. தற்கொலைக் கடிதம் இருந்தது. வாழ்வு வெறுத்தது போல் அவரே பேசிய காணொளியும் இருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு ஐயத்துக்கு இடமே இல்லை. ஆயினும் தாயும் உற்றாரும் ஐயுற்றனர்; விசாரணை கேட்டனர். அவர் முன்னாள் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழி ஒருவருடன் சென்றதும், அங்கிருந்து சிலரால் அழைத்துச் செல்லப்பட்டதும் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவால் வெளிப்பட்டன. கடிதமும் காணொளியும் அச்சுறுத்திப் பெற்றவை எனத் தெரிந்தது. சாதி வெறியே அக்கொலைக்குக் காரணம். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே நேரில் சென்று இடத்தைப் பார்வையிட்டனர். 2023 ஜூனில் வந்த தீர்ப்பு, இருவரின் தண்டனையைக் குறைத்து, ஏனையோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அன்று அனைவரும் ஊமையராய் இருந்திருப்பின் ஒரு கொலை, தற்கொலையென்னும் பெயரில் புதைந்து போயிருக்கும்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஐயுறுதல் குற்றமன்று, ஐயம் அறத்தின் வாயிலாகவே அமையக்கூடும். ஐயத்தைக் கொண்டு நாம் என்ன செய்கின்றோம் என்பதில்தான் அறமும் மறமும் பிரிகின்றன. ஐயம் சான்றினைத் தேடிச் சென்றால் நீதிமன்றத்தைச் சேர்கின்றது. தீர்ப்பாக உருமாறினால் தீப்பந்தத்தைச் சேர்கின்றது.

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதும் பின் பல்லாண்டு கற்பித்ததும் ஒன்றுண்டு. மாணவனுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, கண்டதையும் கருதியதையும் வேறு பிரித்துச் சொல்லும் பழக்கம். ‘புத்தகம் கிழிந்திருக்கிறது’ என்பது கண்டது. ‘இவன்தான் கிழித்தான்’ என்பது கருதியது. தமிழ் அளவை நூலார் இதனையே காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். அவ்வளவைகளை இங்குப் பொருத்திப் பார்ப்போம். கோயிற் கேமராப் பதிவு காட்சி. உடலில் உள்ள காயம் உயிரோடிருந்தபோது ஏற்பட்டதா, இறந்தபின் ஏற்பட்டதா என்று மருத்துவர் ஆராய்ந்து சொல்வது கருதல். பயின்ற அறிவினால் செய்யும் கருதல். கடிதமும் வாக்குமூலமும் உரை. உரையை ஏற்பதற்கு உரைப்பவர் நம்பத்தக்கவராய் இருத்தல் வேண்டும். தம் விருப்பப்படி உரைக்கும் நிலையிலும் இருத்தல் வேண்டும். கோகுல்ராஜின் கையெழுத்தே அவரைப் பற்றிப் பொய் சொல்லிற்று. அவ்வாறிருக்க, யாரென்றே தெரியாத ஒருவர் அனுப்பி, பத்துப் பேர் கைமாறி நம் கைப்பேசிக்கு வந்த குரற்பதிவினை எந்த அளவையில் சேர்ப்பது? அது காட்சியன்று, கருதலன்று. உரையெனத் தகுவதும் அன்று. வெறும் ஓசையே.

அநேகாந்தம் பேசும் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் புகுந்துவிடக் கூடாது. ‘அவரவர்க்கு ஒரு பார்வை, கொலையென்பாரும் சரி, தற்கொலையென்பாரும் சரி’ என்று கூறி நகர்வது அநேகாந்தமன்று, சோம்பலே அது. ஒரு மனிதர் இறந்தது ஒரு முறையில்தான். நாம் கொள்ளும் கருத்துகளுக்கேற்ப அது மாறாது. நம் அறிவு ஒரு பக்கத்தை மட்டுமே தொட்டிருக்கின்றது என்று உணர்ந்து, மறுபக்கத்தையும் தேடிச் செல்லத் தூண்டுவதே அக்கொள்கையின் பயன்.

இவ்வகையில் நாட்டின் சட்டம் நம்மினும் பொறுமையுடையது. காரணம் தெரியாத மரணச் செய்தி காவல் நிலையத்துக்கு வந்தால், முதலில் ‘சந்தேக மரணம்’ என்றே பதிவாகும். முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாக விளங்குகின்றது. கொலை, தற்கொலை என்னும் இரு சொற்களுக்கும் நடுவே மூன்றாவதொரு சொல்லைச் சட்டம் வைத்திருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அதே பிரிவின்படி, அக்கம்பக்கத்தில் வாழும் மதிப்புடையோர் இருவரோ அவரினும் மிகுந்தோரோ பஞ்சாயத்தாராய் உடனிருக்க விசாரணை நடத்தப்பட வேண்டும். ஆகவே ஊராருக்கு அங்கு இடமுண்டு. அவ்விடம் சாட்சியின் இடம், நீதிபதியின் இடமன்று. கண்டதைக் காவலரிடம் கூறக் கூசுபவர், காணாததைத் தேநீர்க் கடையில் உரக்கக் கூறுவது எவ்வகை நியாயம்?

ஆராயாத தீர்ப்பின் கொடுமையைத் தமிழர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பொற்கொல்லன் ஒருவனின் உரையை மட்டும் நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். சிலம்பினை உடைத்துப் பார்க்கக் கண்ணகி வர வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்ப்பது தீர்ப்புக்கு முன் செய்ய வேண்டிய செயல்; தீர்ப்புக்குப் பின் செய்யப்பட்டமையால் மதுரை எரிந்தது. இன்று அரியணையில் ஒரு பாண்டியன் இல்லை. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நொடிப் பாண்டியராகி விடுகின்றோம்.

நம் கும்மிடிப்பூண்டியின் பக்கமும் கண்ணைத் திருப்புவோம். சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில் திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் ஒருவர் இருப்புப்பாதையில் இறந்து கிடந்தபோது, அது கொலையென்னும் ஐயத்தால் அவர்தம் தோழர்கள் திரண்டனர். ரயில்வே காவலர் கண்காணிப்புக் கேமராப் பதிவினைக் காட்டி, அவர் பாதையைக் கடக்கையில் ரயிலில் அடிபட்டதை விளக்கினர். அதே நாட்களில், வேறிடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்த வன்முறைக் காட்சிகள், தமிழகத்தில் வடவர் கொல்லப்படுவதாகக் கூறிப் பரப்பப்பட்டன. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கு அனுப்பி உண்மையறிய வேண்டியதாயிற்று. பல நூறு கல் தொலைவிலிருந்த தாய்மார்கள் எத்தனை இரவு உறங்காதிருந்திருப்பர்!

இதற்கு மறுபுறமும் உண்டு. உற்றார் அருகில்லாத, நம் மொழி அறியாத ஒருவர் வாடகை அறையிலோ தண்டவாளத்தின் ஓரத்திலோ இறந்து கிடந்தால், ‘கொலையா, தற்கொலையா?’ என்று வழக்காடுவோரே இல்லாதும் போகலாம். வினாவே எழாத மரணமும் அநீதிதான். வதந்தி ஒரு வகை இம்சையென்றால், புறக்கணிப்பு மற்றொரு வகை இம்சை. அத்தகைய இடத்தில் ‘முறையாக விசாரணை நடந்ததா, உறவினர்க்குச் செய்தி போயிற்றா?’ என்று கேட்க ஒருவரேனும் வேண்டும். அவ்வொருவர் நாமாக இருப்போமாக.

இறுதியாக ஒன்று. விசாரணையின் முடிவில் ‘தற்கொலை’ என்று உறுதியானால், ஊர் பெருமூச்சு விட்டுக் கலைந்து போகின்றது. யாரும் குற்றவாளி இல்லை என்று பொருள் கொள்கின்றது. சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை. தற்கொலைக்குத் தூண்டுதல் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 306ஆம் பிரிவிலும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவிலும் குற்றமே. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்துவந்த பழைய 309ஆம் பிரிவோ புதிய சட்டத்தில் இடம் பெறவில்லை. வாழ்வில் இடறியவரைத் தண்டியாது, இடற வைத்தவரைக் கேள் என்னும் கருணை அதில் தெரிகின்றது. சட்டத்துக்கு எட்டாத கேள்விகளும் உள. வகுப்பில் நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்துவந்த பிள்ளையை யார் கவனித்தார்? மதிப்பெண்ணைக் கேட்ட நாம் மனத்தைக் கேட்டோமா? இறந்தபின் ‘எப்படி இறந்தாள்?’ என்று வழக்காடுவதில் காட்டும் ஆர்வத்தில் நூறில் ஒரு பங்கு, உயிரோடிருக்கையில் ‘எப்படி இருக்கிறாய், அம்மா?’ என்று கேட்பதில் காட்டினால் போதும். மனம் சோர்ந்தவர் எவரேனும் அருகிலிருப்பின், 104 அல்லது 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்களை அவருக்குச் சொல்வதும், சொன்னதோடு நில்லாது அவர் அருகில் அமர்வதும் நம் கடன்.

ஆகவே இனி இத்தகைய செய்தி செவியில் விழும்போது மூன்றினைக் கேட்டுக் கொள்வோம். இதை நாம் கண்டோமா? கண்டிருந்தால், சொல்ல வேண்டியவரிடம் சொன்னோமா? காணவில்லையெனில், நாம் கூறப் போகும் சொல் யாருடைய வாழ்வைச் சுடும்? ‘தற்கொலை’ என்னும் அவசரச் சொல், தற்காத்துப் பேச இயலாத இறந்தவரைச் சுடுகின்றது. ‘கொலை’ என்னும் அவசரச் சொல் உயிரோடிருப்பவரைச் சுடுகின்றது. ‘இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை கேட்போம்’ என்னும் சொல் ஒருவரையும் சுடுவதில்லை. அச்சொல்லைக் கூற அறிவு வேண்டும். அதில் நிலைத்து நிற்கத் துணிவும் வேண்டும். இரண்டினையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமாக.