மெருகும் மெய்யும்

பொருளொன்றைத் தூய்மை செய்தல் நற்செயல் என்பதில் ஐயுறுவார் இலர். அதனை அழகு செய்தலும் பெரும்பாலும் நற்செயலாகவே கொள்ளப்படுகின்றது. ஆயின், அழகு செய்யுங்கால் அப்பொருளின் வரலாறு அழிந்துபோகுமாயின் அச்செயல் போற்றற்குரியதா, கடிதற்குரியதா? கோயிற் சிற்பங்களையும் பழஞ் சுவடிகளையும் பற்றி எழுப்பப்படும் இவ்வினா, எண்ணெயும் கரியும் படிந்த பழைய மோட்டார் வண்டியொன்றின் எஞ்சின் அறையிலும் எழக்கூடியதே.

மலையகத்துக்கு இவ்வினா அந்நியமானதன்று. கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த ஆங்கிலத் துரைமார் எம்.ஜி., ட்ரையம்ப் முதலிய விரைவுக் கார்களில் பெருவிருப்புடையராயிருந்தனர். நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கிற்று. பின்னர் 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் கப்பலேறினர், கார்கள் கைமாறின. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020 முதல் 2025 தொடக்கம் வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையும் பழைய வண்டிகளைப் பேணுதலை வெறும் பொழுதுபோக்காயன்றித் தேவையாகவும் ஆக்கின.

இத்தகைய காரொன்று கொட்டகலைப் பட்டறை ஒன்றுக்குப் புதுப்பிக்க வந்ததென வைத்துக்கொள்ளலாம். பொனெற்றைத் திறந்ததும் மலைநாட்டு மழையும் பனிமூட்டமும் செய்த வேலை கண்ணிற் படும். பற்றரித் தட்டை அமிலம் அரித்திருக்கும். செப்பு முனைகள் பச்சை பூத்திருக்கும். எஞ்சினைச் சங்கிலியிற் கட்டி வெளியே தூக்கி, பழைய பூச்சைச் சுரண்டி, துருவை நீக்கி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் இடுவர். வார்ப்பிரும்புப் பகுதிக்குச் சூடு தாங்கும் வர்ணம் பூசுவர். அலுமினிய மூடிகளை எமரித் தாளால் படிப்படியாகத் தேய்த்து முகம் தெரியுமளவுக்கு மினுக்குவர். நைந்த வயர்களை அகற்றிப் புதியன பொருத்துவர். பல மாத உழைப்பின் பின் பொனெற்றை மூடிவிட்டால் இவற்றுள் ஒன்றும் வெளியே தெரியாது.

காணப்படாத இடத்தை அழகு செய்வதால் பயன் யாது என வினவுவார் உளர். 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்.கே. 120 இவ்வினாவுக்கு ஒருவகை விடையாகும். ஆறு சிலிண்டரும் இரண்டு கமுத்தண்டுகளும் கொண்ட அதன் 3,442 கன சென்ரிமீற்றர் எஞ்சின், ஆற்றலுடையதாக மட்டுமன்றிப் பார்வைக்கும் இனியதாக இருத்தல் வேண்டும் என நிறுவனத் தலைவர் வில்லியம் லயன்ஸ் விரும்பினார். அதன் மினுக்கிய அலுமினிய மூடிகள் அவ்விருப்பின் விளைவு. பிறர் பார்வை படாத இடத்திலும் செவ்விதாகச் செய்தல் தொழிலாளனின் நேர்மைக்கு உரைகல். பயனும் இல்லாமலில்லை: துப்புரவான எஞ்சினில் எண்ணெய்க் கசிவு உடனே புலப்படும், அழுக்கேறியதில் அது மறைந்து கிடக்கும். ஆகவே, இங்கு அழகு உண்மைக்குத் துணை செய்கின்றது.

ஆயின், அதே அழகு உண்மைக்குத் தடையாவதும் உண்டு. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் வயர், உலோகத்தோடு உலோகம் நேரே தொடும்படி பொருத்தப்படல் வேண்டும். அவ்விடத்தையும் விட்டுவைக்காது வர்ணம் பூசினால் மின்னோட்டம் தடைப்பட்டு, கண்ணைக் கவரும் அந்த எஞ்சின் இயங்க மறுக்கும். ரேடியேட்டருக்குத் தடித்த பூச்சு இட்டால் வெப்பம் வெளியேறாது. பூச்சு தன் எல்லையைக் கடந்தால் பொருளின் இயல்பையே கெடுக்கும் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டா. வள்ளுவர் புறத்தின் தூய்மைக்கு நீரையும் அகத்தின் தூய்மைக்கு வாய்மையையும் வகுத்தமை ஈண்டு நோக்கற்பாலது. ஒன்றின் இடத்தை மற்றது கொள்ளல் இயலாது.

இதனினும் ஆழ்ந்த சிக்கலொன்று உண்டு. பழுதுபட்ட கட்டடங்களைப் புதுப்பித்தல் அவற்றை அழித்தலே என்னும் கருத்தை ஆங்கில அறிஞர் ஜோன் ரஸ்கின் 1849 இல் வலியுறுத்தினார். அவர் காலத்துப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியொலே லெ டுக் இதற்கு எதிர்முனையில் நின்று, கட்டடமொன்றை முன்னொருபோதும் இல்லாத நிறைவுக்கும் கொண்டுவரலாம் என்றார். இவ்வாதத்தின் வழிவந்த வெனிஸ் சாசனம் 1964 இல் கட்டடங்களுக்கு நெறி வகுத்தது. அதனைப் பின்பற்றிப் பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012 இல் ரியூரின் சாசனத்தை ஏற்றது. புதுப்பித்தலினும் பேணுதலே முதன்மையானது என்பதும், மாற்றங்களைப் பதிவு செய்தல் வேண்டும் என்பதும் அதன் சாரம்.

எல்லாப் பாகங்களும் காலப்போக்கில் மாறுமெனில் எதனைப் பேணுவது? தீசியசின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னரும் அது அதே கப்பலா எனக் கிரேக்கர் வாதித்ததைப் புளூட்டார்க் குறித்துள்ளார். இவ்வினா 1990 இல் இலண்டன் உயர் நீதிமன்றின் முன்னும் வந்தது. 1929, 1930 ஆம் ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி காரான ‘ஓல்ட் நம்பர் ஒன்’ ஒரு கோடி பவுணுக்கு விலை பேசப்பட்டிருந்தது. வாங்கவிருந்தவர்களோ, பாகங்களிற் பெரும்பாலானவை மாறிவிட்டமையால் அது அந்தக் காரே அன்று என மறுத்தனர். நீதிபதி ஒற்றன் இவ்வாதத்தை ஏற்கவில்லை. பாகங்கள் மாறினும் அதன் வரலாறு அறுபடாது தொடர்ந்தமையால் அது அந்தக் காரே எனத் தீர்ப்பளித்தார். ஒரு பொருள் இன்னதென்பதை அதன் இரும்பு மட்டுமன்று, அதன் தொடர்ச்சியும் தீர்மானிக்கும் என்பதே இத்தீர்ப்பின் மெய்யியற் பொருள்.

மலையகத்தில் நின்று இத்தீர்ப்பை எண்ணிப் பார்ப்போர்க்கு வேறொரு வரலாறு நினைவில் எழாதிராது. எக்ஸ்.கே. 120 உலகின் கண்முன் வைக்கப்பட்ட அதே 1948 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றேனும் நிறுவ வேண்டியிருந்த நிலையில், பிறப்புப் பத்திரம் காட்ட இயலாத தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். தலைமுறை தலைமுறையாக ஒரே மலையிற் கொழுந்து பறித்தோரின் தொடர்ச்சி தொடர்ச்சியாகக் கொள்ளப்படவில்லை. எஞ்சியோருக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003 இல். மனிதரையும் காரையும் ஒப்பிடுதல் தகுமா எனலாம். ஒப்பிடப்படுவன அவ்விரண்டுமல்ல, தொடர்ச்சிக்குச் சான்றாக எது ஏற்கப்படுகிறது என்பதே. பந்தயக் காருக்குப் படங்களும் பதிவேடுகளும் இருந்தன. தொழிலாளிக்கோ அவன் கைபட்ட பொருள்களே பெரும்பாலும் சான்று.

பட்டறையில் நிற்கும் அந்தக் காருக்கு இங்கேதான் மீள வேண்டியுள்ளது. வாங்கிய துரையின் பெயர் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். அதனை நாள்தோறும் கழுவித் துடைத்த சாரதியின் பெயரோ, உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் தகரத்தை வெட்டி வளைத்துப் பிடிமானம் செய்து பொருத்திய தோட்டத் தொழிற்சாலைத் தொழிலாளியின் பெயரோ எங்கும் இராது. எஞ்சின் அறையின் ஒரு மூலையில் இருக்கும் அந்தக் கோணல் பிடிமானமும், கையால் ஊதிய ஒட்டும், செப்புக் கம்பிச் சுற்றுமே அவர்தம் கையொப்பம். புதுப்பிப்போன் அதனைக் குறையெனக் கருதிப் பிடுங்கியெறிந்து, இங்கிலாந்திலிருந்து வருவித்த புதுப்பாகத்தை இடுவானாயின், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தைக் கார் பெறக்கூடும். அந்நாளுக்குப் பின் இம்மலைகளில் அது வாழ்ந்த வாழ்வு முழுதும் பொய்யாகிவிடும். துரையின் கார் எஞ்சும். அதனை ஓடவைத்தோர் மறைவர்.

அங்ஙனமாயின் துருவையும் அழுக்கையும் போற்றுதல் வேண்டுமா? வேண்டா. துரு பொருளைத் தின்பது. கைவேலை பொருளைக் காத்தது. இவ்விரண்டையும் பகுத்தறிதலே புதுப்பிப்போனின் அறம். அழிப்பதை நீக்குக, காத்ததைக் காக்க. பாதுகாப்பின் பொருட்டு மாற்றியே ஆகவேண்டிய பாகமாயின், அகற்றியதைப் படமெடுத்து, செய்தவர் பெயர் தெரியின் அதனையும் குறித்து, பாகத்தைக் காரோடு சேர்த்து வைத்தல் தகும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அவ்வுழைப்பு நினைக்கத்தக்கது என்னும் எண்ணம் மட்டுமே வேண்டும்.

இதற்கான முன்மாதிரியைத் தொலைவிற் சென்று தேடவேண்டியதில்லை. ஆயுத பூசை நாளில் மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் இயந்திரங்கள் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. அந்த அலங்காரம் இயந்திரத்தின் தேய்வை மறைப்பதற்கன்று. அது உழைத்ததென்பதை ஒப்புக்கொள்வதற்கு. தேய்ந்த பிடியின்மேலேயே பொட்டு வைக்கப்படுகிறது. நன்றியிலிருந்து பிறக்கும் ஒப்பனை பொருளின் வரலாற்றை ஏற்கும். பெருமிதத்திலிருந்து பிறப்பதோ அதனை மறைக்கும். இரண்டிலும் மினுக்கம் ஒன்றுபோல் இருக்கலாம். பொனெற்றைத் திறந்து, அந்தக் கோணல் பிடிமானம் இன்னும் அதன் இடத்தில் இருக்கிறதா எனப் பார்த்தாலன்றி இவ்விரண்டுள் எது நிகழ்ந்ததெனச் சொல்லல் இயலாது.