குருதியில் எழுதிய விதியா?

திருமணப் பேச்சு முடிந்துவிட்டது. தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்திலே ஊரார் ஒருவர் வந்து, மாப்பிள்ளை வீட்டார் காதிலே ஒரு சொல்லைப் போட்டார். "பெண்ணின் அண்ணன் மனநோயாளியாம்; ஆண்டுக்கணக்கிலே மருந்து சாப்பிடுகிறானாம்!" அவ்வளவுதான். பேச்சு முறிந்தது, பந்தல் எழவில்லை. நம்மோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் இல்லத்திலே நடந்தது இது. காரணம் கேட்கப் போனவர்களிடம் மாப்பிள்ளையின் தந்தை அமைதியாகச் சொன்னாராம்: "பேய், பிசாசு என்று பேசுகிறவர்கள் அல்ல நாங்கள், படித்தவர்கள். ஆனால், இது இரத்தத்திலே வருவதாயிற்றே! மரபணு என்று அறிவியலே சொல்கிறதே!"

அந்தப் பதில்தான் நம் உறக்கத்தைக் கெடுத்தது.

பேய் பிடித்தது என்பாருக்கு விடை கூற நமக்குத் தெரியும். செய்வினை என்பாரிடம் வாதாடிப் பழகியவர்கள் நாம். முற்பிறவிப் பாவம் என்பாரை, 'முதலில் முற்பிறவியைக் காட்டுக' என்று மடக்கியவர்கள் நாம். ஆனால், அறிவியலின் பெயராலே அதே பழைய விதியைப் பேசுகிறவருக்கு என்ன விடை? தலையிலே இருந்த எழுத்தைக் குருதிக்கு மாற்றி எழுதிவிட்டால், அது பகுத்தறிவாகிவிடுமா?

உண்மையை மறைக்க வேண்டியதில்லை. மனநோய்களில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. மனச்சிதைவு நோயையே எடுத்துக்கொள்வோம். இல்லாத குரல் காதிலே கேட்கும். எவரோ தன்னை அழிக்கச் சதி செய்வதாக நெஞ்சம் நம்பும். சிந்தனை இழை அறுந்து அறுந்து விழும். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவரை வாழ்நாளில் என்றேனும் பற்றுகிற நோய் அது. ஒரு காலத்திலே மேலைநாட்டு மருத்துவர் சிலர், அந்நோய்க்கான பழியைத் தாயின் தலையிலே சுமத்தினர். 'நோயை உண்டாக்கும் தாய்' என்ற கருத்து 1948-க்குப் பிறகு அங்கே பரவிற்று. மகன் சித்தம் கலங்கி நிற்பதைக் கண்டு துடிக்கும் தாயிடம், 'நீதான் காரணம்' என்றனர். கொடுமை!

அந்தப் பழியைத் துடைத்தது மரபியல் ஆய்வுதான். 1966-இல் அமெரிக்க மருத்துவர் லியோனார்ட் ஹெஸ்டன், மனச்சிதைவுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்திலே வளர்ந்த 47 பேரை ஆராய்ந்தார். அவர்களில் ஐவருக்கு அந்நோய் வந்திருந்தது. நோயற்ற தாய்மாருக்குப் பிறந்து, அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆக, வளர்ப்பு மட்டுமே காரணம் என்ற வாதம் விழுந்தது. ஆனால் தோழர்களே, அதே கணக்கின் மறுபக்கத்தையும் படியுங்கள். 47 பேரில் 42 பேருக்கு அந்நோய் வரவேயில்லை!

இன்னும் கூர்மையான சோதனை இரட்டையரிடம் இருக்கிறது. ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இது விதியானால், ஒருவரைப் பற்றியது மற்றவரையும் பற்றியே தீர வேண்டும். பற்றுகிறதா? நூற்றுக்கு 30 முதல் 50 வரைதான் என்கின்றன ஆய்வுகள். உடன்பிறந்தாரிலோ நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர், அல்லது அதற்கும் குறைவு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் சிறிது. எந்தப் பெண்ணின் திருமணம் முறிந்ததோ, அந்தப் பெண்ணுக்குரிய கணக்கு இதுதான்!

'அந்த மரபணு' என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவும் இயலாது. 2022-இல் வெளியான பெரும் ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மரபுத்தொடரிலே கண்டறிந்தது. ஒவ்வொன்றும் செய்வது சிறிதளவு. அவற்றிலே பல, நோயே அறியாத நம் உடலிலும் இருக்கின்றன. தூய குருதி என்றும் கெட்ட குருதி என்றும் கோடு கிழிக்க அறிவியலிலே இடமில்லை. பிறப்பினாலே மனிதரைத் தரம் பிரித்த கொடுமையை எதிர்க்கும் நாம், அதே கோட்டை மருத்துவச் சொல்லாலே மீண்டும் கிழிக்கலாமா?

எஞ்சியதைச் செய்வது சூழல். 1944-45 குளிர்காலத்திலே, ஜெர்மானியப் படையின் முற்றுகையால் ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அப்பஞ்சத்தின் உச்சத்திலே கருவானவர்களுக்கு, மனச்சிதைவு நோய் பிறரைவிட ஏறத்தாழ இருமடங்கு வந்ததைப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். தாயின் வயிறு காய்ந்தது. பிள்ளையின் மனம் பின்னாளில் சிதைந்தது. இது எந்த மரபின் குற்றம்? போரின் குற்றமல்லவா!

பின்லாந்திலே நடந்த ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. நோயுற்ற தாய்மார் பெற்று, பிறர் தத்தெடுத்து வளர்த்த பிள்ளைகளிலே, அமைதியான இல்லத்தில் வளர்ந்தோரிடம் இவ்வகை நோய் குறைவாகவும், பூசலும் குழப்பமும் மிகுந்த இல்லத்தில் வளர்ந்தோரிடம் மிகுதியாகவும் இருந்தது. மரபு விதையானால், சூழல் மண்ணும் மழையும்.

மரபிலே வந்ததை மாற்ற முடியாது என்பது மற்றொரு மயக்கம். பெனில்கீட்டோனூரியா என்றொரு பிறவிக் குறை உண்டு. அது முழுக்க மரபணுவால் வருவது. கவனியாது விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது. 1934-இல் நார்வே மருத்துவர் பெல்லிங் அதனைக் கண்டறிந்தார். 1950-களில் அதற்குரிய தனி உணவு முறை வந்தது. பிறந்தவுடன் இரத்தத்தைச் சோதித்து, அவ்வுணவைத் தந்தால் அறிவு மழுங்காமல் குழந்தை வளர்கிறது. மரபணு மாறவில்லை, வாழ்வு மாறியது! இதற்குப் பெயர் விதியா?

மரபை விதியாக்கியோர் எங்கே போய் நின்றார்கள்? வரலாறு கூறுகிறது. 1933 ஜூலை 14 அன்று ஹிட்லர் ஆட்சி ஒரு சட்டம் இயற்றியது. மனச்சிதைவு நோயாளிகள் உள்ளிட்ட பலரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தும் சட்டம். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் அதற்கு இரையாயினர். 1939 முதல் 1941 வரையில் 70,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை நச்சுப் புகையிட்டுக் கொன்றனர். அதைச் செய்தோர் காட்டுமிராண்டிகள் அல்லர். பட்டம் பெற்ற மருத்துவர்கள், பேராசிரியர்கள்! அத்தனை உயிரைப் பறித்தும் அந்த நோய் ஒழியவில்லை. பின்னர் பிறந்த தலைமுறையிலும் அது தோன்றவே செய்தது.

'அது ஜெர்மனி, நாம் அப்படிச் செய்யவில்லையே' என்று மார்தட்ட நமக்கும் வழியில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியிலே, மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. தப்பி ஓட முடியவில்லை, காலிலே சங்கிலி! 28 உயிர்கள் மாண்டன. அங்கே பூட்டியது அறிவியலின் பெயராலல்ல, நம்பிக்கையின் பெயரால். காரணம் வேறு, சங்கிலி ஒன்றே. 'இவன் இனித் தேறமாட்டான்' என்ற முடிவுதான் இரண்டுக்கும் கொல்லுலை. 2017-இல் இயற்றிய மனநலச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்துவிட்டது. இரும்புச் சங்கிலிக்குச் சட்டம் போதும். இழிசொல் என்னும் சங்கிலிக்கு?

அதற்கு நாம்தான் வேண்டும். மரபணுவை எவரும் கேட்டுப் பெறுவதில்லை. ஆகவே அதிலே பழியும் இல்லை, பெருமையும் இல்லை. சூழலோ மனிதர் ஆக்குவது. கருவுற்ற பெண்ணுக்கு உணவு, குழந்தைக்கு அடி உதையற்ற இல்லம், முதல் அறிகுறியிலேயே மருத்துவம், தேறியவனுக்கு வேலை, திட்டித் தீர்க்காத சுற்றம் ஆகிய இவையெல்லாம் நம் கையில் உள்ளவை. கையில் இல்லாததைச் சொல்லி, கையில் உள்ளதைக் கைவிடுவது அறிவியலாகாது.

மணம் செய்துகொள்வோர் உண்மையை அறியக் கூடாதா என்று கேட்கலாம். அறியத்தான் வேண்டும். மறைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. மறைக்க மறைக்கத்தான் கிசுகிசு வளர்கிறது. பெண் வீட்டார் வெளிப்படையாகச் சொல்லட்டும். மாப்பிள்ளை வீட்டார் மருத்துவரிடம் கேட்கட்டும். பிறகு, மணக்கவிருக்கும் இருவரும் முடிவு செய்யட்டும். அந்த மாப்பிள்ளையின் தந்தை இவற்றிலே எதையும் செய்யவில்லை. பெண்ணைப் பார்த்தார், பெண்ணின் அண்ணனைக் கேள்விப்பட்டார், தீர்ப்பெழுதினார். முன்பு சாதகக் கட்டத்தைப் பார்த்து எழுதிய அதே தீர்ப்பு!

அந்த அண்ணனை நாம் பார்த்தோம். மாலையிலே வாசலில் அமர்ந்து, தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டான்: "தங்கைக்கு என்னால்தானே?"

இல்லை தம்பி, உன்னால் அல்ல. இதை உரக்கச் சொல்லத் துணியாத எங்களால்!