எண்ணாமல் நேரும் கொலை

கொல்ல வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவன் கையால் ஓர் உயிர் மாயுமாயின், அப்பழி யாரைச் சாரும்? அறநூல் கற்போர் அனைவர் முன்னும் நிற்கும் பழைய வினா இது. எறும்பையும் புழுவையும் எடுத்துக்காட்டிப் பேசிவிட்டு இவ்வினாவைக் கடந்துவிடுவது நம் வழக்கம். இம்முறை தொலைநாட்டு வயல் ஒன்றில் நிகழ்வதை முன்வைத்து இதனை ஆராய விழைகின்றோம்.

வட அமெரிக்கக் காடுகளிலும் காட்டை ஒட்டிய வயல்களிலும் காட்டு வான்கோழி வாழ்கின்றது. இளவேனிற் காலத்தில் அதன் பெட்டை, தரையில் ஆழமற்ற குழி ஒன்றையே கூடாகக் கொண்டு, ஏறத்தாழ நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இடுகின்றது. பின்னர் 28 நாட்கள் அடைகாக்கின்றது. ஆக, முதல் முட்டை தொடங்கிக் குஞ்சு பொரிக்கும் வரை ஏறத்தாழ 40 நாட்கள் அவ்விடம் கலையாதிருத்தல் வேண்டும். பொரித்த குஞ்சுகளும் முதல் பத்து நாட்களுக்குப் பறக்கும் ஆற்றல் அற்றவை.

கால்நடைத் தீவனத்திற்காகப் புல்லும் குதிரைமசாலும் அடர்ந்து வளரும் வயல், கூடமைக்க ஏற்ற மறைவிடமாக அப்பறவைக்குத் தோன்றுகின்றது. உழவனுக்கோ வேறொரு கணக்கு. குதிரைமசால் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்தால்தான் தீவனத்தில் புரதம் மிகுந்திருக்கும்; முற்றவிட்டால் சத்துக் குறையும். ஆதலின் அந்நாட்டின் வடபகுதி மாநிலங்களில் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ முதல் அறுப்பு நிகழ்கின்றது. அதன்பின் ஏறத்தாழ மாதம் ஒருமுறை. தாய்ப் பறவைக்கு வேண்டுவன 40 நாட்கள். இரண்டு அறுப்புகளுக்கு இடையே வயல் அளிப்பது 30 நாட்களே.

பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பெட்டை கூட்டை விட்டு எளிதில் எழுவதில்லை. அசையாது அமர்ந்திருத்தலே பகையின் கண்ணிலிருந்து அதனைக் காக்கும் இயல்பு. அறுக்கும் இயந்திரம் அருகில் வரும்போதும் அவ்வாறே அமர்ந்திருக்கின்றது. காக்கும் இயல்பே அங்கே அதன் உயிருக்கு இறுதியாகின்றது.

இதில் உழவனைக் குறை கூறலாமா? நம் ஆன்றோர் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுத்தனர். எண்ணிச் செய்யும் முதலாவதை இல்லறத்தார் முற்றும் துறத்தல் வேண்டும். இல்வாழ்விலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வனவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழவையே தொழிலாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இவ்வகுப்பு பெரும் ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலில் ஓர் இடர் உண்டு. ‘தொழிலில் நேர்வதுதானே’ என்று சொல்லி, ‘இயன்றவரை’ என்ற சொல்லை நாம் மறந்துவிடுகிறோம்.

எண்ணத்தை மட்டுமே கொண்டு அறத்தை அளந்துவிட இயலாது என்பதற்கு இவ்வான்கோழியின் வரலாறே சான்று. வரம்பற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பறவை பல மாநிலங்களில் அற்றுப்போயிற்று. 1950களிலிருந்து வலைவீசிப் பிடித்து, அற்றுப்போன இடங்களில் விடுத்து, அதனை மீட்டனர். அம்முயற்சியில் வேட்டையாடுவோரின் பங்கு பெரிது. 1973இல் அதற்கெனத் தேசியக் கூட்டமைப்பு ஒன்றும் தோன்றியது. கூட்டைக் காக்க விரும்பும் வேட்டைக்காரன் பின்னொரு நாள் அப்பறவையைக் கொல்லும் எண்ணமும் உடையவன். கொல்லும் எண்ணமே இல்லாத உழவனோ கூட்டை அழிக்கின்றான். ஒருவன் செயலால் நன்மை விளைகின்றது; அவன் எண்ணம் தூயதன்று. மற்றவன் எண்ணத்தில் மாசில்லை. அவன் செயலால் உயிர் மடிகின்றது. இருவரிடமும் குறைவது ஒன்றே: அவ்வுயிரை அதன் பொருட்டே கருதும் விழிப்பு.

அவ்விழிப்பின்மையைத்தான் பிரமாதம் என்று நம் நூல்கள் இம்சையின் வேராகக் கூறுகின்றன. கையரிவாள் கொண்டு அறுத்த காலத்தில் அறுப்பவன் கண் புல்லின் அடியில் இருந்தது. கூட்டைக் கண்டு விலகிச் செல்லவும் இயன்றது. இயந்திரம் உழைப்பைக் குறைத்ததோடு அப்பார்வையையும் குறைத்துவிட்டது. ஆயினும் இழந்த பார்வையை ஓரளவு மீட்க வழிகள் உள்ளன. புல்வயலின் முதல் அறுப்பை ஜூலை நடுப்பகுதி வரை தள்ளிவைக்கலாம். இயலாவிடின், காட்டை ஒட்டிய ஓரங்களையேனும் அறுக்காது விடலாம். நடுவிலிருந்து வெளிப்புறமாக அறுத்தால், குஞ்சுகள் ஓடி ஒதுங்க வழி கிடைக்கும். இயந்திரத்தின் முன்னே சங்கிலிகள் தொங்கும் குறுக்குக் கம்பியைப் பொருத்தினால் பறவை எழுந்து தப்பக்கூடும். எனினும் அதனால் முட்டைகள் பிழைப்பதில்லை. இரவில் அறுப்பதைத் தவிர்க்கலாம்.

இவை நமக்குப் புதியன அல்ல. மழைக்காலத்தில் உயிர்கள் மிகும் என்பதற்காக நம் துறவியர் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர். நிலம் நோக்கி நடக்கின்றனர். இருளில் உயிர்கள் தென்படா என்பதற்காகவும் இரவுணவு விலக்கப்பட்டது. காலம் தாழ்த்துதல், கண்டு செய்தல், இருளில் செய்யாதிருத்தல் என்னும் இவையே அவ்வயலுக்கும் வேண்டுவன.

ஆனால் காலம் தாழ்த்தினால் தீவனத்தின் சத்துக் குறையும். அந்த இழப்பை உழவன் ஒருவனே தாங்க வேண்டும் என்பது அறமாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றாலும் வினை சேரும் என்பது நம் கொள்கை. அத்தீவனத்தை உண்பவை பெரும்பாலும் கறவை மாடுகள். அப்பாலைப் பருகுவோருள் அந்நாட்டில் குடியேறிய சமணரும் உளர். இங்கு நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்தின் பின்னும் அத்தகைய ஒரு வயல் உண்டு. உயிர்களுக்கு இடம் விட்டு அறுக்கும் உழவனின் விளைபொருளுக்குச் சற்றுக் கூடுதல் விலை தர இசைவது, உண்பவர் ஏற்க வேண்டிய பங்கு.

முதல் வினாவிற்கு நாம் காணும் விடை இதுவே. கூடு இருப்பதை அறியாதவரை அது உழவனின் அவப்பேறு. அறிந்தபின்பும் மாற்றமின்றி அறுத்தால், அது அவனுடையதும் அவன் விளைவித்ததை உண்ணும் நம்முடையதுமான பிழை. இதனைப் படித்துவிட்ட நாமும் இனி அறியாதவர் அல்லோம்.

அருளறம் ஓங்குக!