வைத்தியமும் வாணிகமும்: மாதவிடாய் நிறுத்தச் சிகிச்சை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

சரியான பொருளில் வைத்தியர் எனப்படுபவர் பொருளீட்டுபவரா, அன்றி நோயாளரைப் பேணுபவரா என்ற வினாவைப் பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் முதற் பகுதியிலே சோக்கிரட்டீசு எழுப்புகின்றார். வைத்தியர் ஊதியம் பெறுகின்றார் என்பதை அவர் மறுத்தாரல்லர். ஆயினும் ஊதியம் பெறுதல் வைத்தியக் கலையின் உறுப்பன்று. அது வேறொரு கலை. வைத்தியம் வைத்தியமாக நின்று நாடுவது நோயாளரின் நலத்தையே என்பது அவர் நிறுவ முற்பட்ட முடிபு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வினா தீர்ந்துபோன ஒன்றன்று. பிரித்தானியாவிலே மாதவிடாய் நிறுத்தத்தின் பொருட்டு ஓமோன் சிகிச்சையை நாடித் தனியார் வைத்திய நிபுணர்களிடம் சென்று, பெருந்தொகை செலுத்தியும் மனக்குறையோடு திரும்பும் பெண்களின் அனுபவம் அதனை இன்று மீண்டும் முன்வைக்கின்றது. அவர்களின் ஏமாற்றம் பொருள் வாங்கியவரின் வெறுங் குறையா, அன்றி அறத்தின்பாற்பட்ட ஒரு தவறின் விளைவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பிரித்தானியாவிலே மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51 ஆகும். சூலகங்கள் ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சுரத்தல் குறைவதால் உடல் திடீரெனக் கொதித்தல், இரவில் வியர்த்தல், உறக்கமின்மை, மூட்டுவலி, மனச்சோர்வு ஆகியன தோன்றலாம். இது நோயன்று, இயற்கை. எனினும் இயற்கையானது என்பதனால் துன்பம் துன்பமல்லாது போய்விடுவதில்லை. அத்துன்பத்தைத் தணிக்க ஈஸ்திரஜனும், கருப்பையுடையோருக்கு அதன் உட்படலத்தைக் காக்கும் புரோஜெஸ்தரோன் வகை மருந்தும் வழங்கப்படுகின்றன.

இச்சிகிச்சையைத் தேசிய சுகாதார சேவை கட்டணமின்றி ஆலோசனை தந்து வழங்குகையில், பெண்கள் தனியாரை நாடுவது ஏன்? விடையின் ஒரு பகுதி 2002ஆம் ஆண்டிலே உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட பேராய்வு ஒன்றின் கூட்டு மருந்துப் பகுதி அவ்வாண்டு யூலையில் இடைநிறுத்தப்பட்டது. மருந்து பெற்றோரில் பத்தாயிரவருக்கு ஆண்டொன்றில் எண்மர் மேலதிகமாக மார்புப் புற்றுநோய்க்கு ஆளாயினர். அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதும், மேலதிக ஆபத்து சிறிய எண்ணிக்கையிலானது என்பதும் பரபரப்பிலே மறைந்தன. வைத்தியர்கள் அஞ்சினர்; மருந்து எழுதுதல் பெரிதும் குறைந்தது. 2015 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டல் நன்மை தீமைகளைச் சமன்செய்து எடுத்துரைத்த பின்னரும், பத்து நிமிடச் சந்திப்பில் முறையிட்ட பெண் "வயதின் குணம்" என்ற விடையோடு திருப்பி அனுப்பப்படுவது முற்றாக நின்றுவிடவில்லை. 2021 மே மாதத்திலே தொலைக்காட்சி விவரணம் ஒன்று இப்பொருளைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தபோது தேவை பெருகியது; 2022இல் ஈஸ்திரஜன் பசைமருந்துக்குத் தட்டுப்பாடும் ஏற்பட்டது. பொதுச் சேவை விட்ட இடைவெளியிலே தனியார் நிலையங்கள் வளர்ந்தன.

எனவே முதலாவது தவறு தனியாருடையதன்று. மெய்யியலாளர் மிரண்டா பிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலிலே, ஒருவர் தம்மைப்பற்றிக் கூறும் சான்று அவர் யார் என்பதன் காரணமாக மதிப்பிழப்பதைத் தனியானதோர் அநீதியாக இனங்காட்டினார். நடுவயதுப் பெண் தன் உடலைப்பற்றிக் கூறுவதை நம்பாத வைத்தியர் அவளுக்கு மருந்தை மட்டுமன்றி, அறிபவள் என்ற மதிப்பையும் மறுக்கின்றார். தனியார் நிபுணரிடம் அவள் விலைகொடுத்து வாங்க முனைவது மருந்தை அன்று. அதே மருந்தை 2023 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் இரண்டு மருந்துச் சீட்டுகளின் கட்டணத்தோடு ஆண்டு முழுவதும் பெறலாம். அவள் வாங்க விழைவது செவிமடுத்தலை.

அங்கு அவள் அடையக்கூடிய ஏமாற்றம் மூவகைப்படும். முதலாவது, மருந்தின் எல்லையால் வருவது. உடற்கொதிப்பைத் தணிப்பதில் வல்லதாகிய ஈஸ்திரஜன் ஐம்பது வயதின் எல்லாத் துயரங்களையும் நீக்குவதன்று. இது எவர் குற்றமுமன்று. இரண்டாவது, வாக்குறுதியால் வருவது. நாற்பத்தைந்து வயதைக் கடந்து அறிகுறிகளுடன் வருபவருக்குப் பொதுவாக இரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை என்று வழிகாட்டல் கூறவும், பரிசோதனைகள் மீண்டும் மீண்டும் விற்கப்படலாம். ஒழுங்குவிதிகளுக்கு உட்படாது கலந்து தயாரிக்கப்படும் 'உடலுக்கொத்த' ஓமோன்கள், அவற்றின் பயனும் பாதுகாப்பும் அறியப்படாதிருக்கவும், தனிச்சிறப்புடையனவாகப் போற்றப்படலாம். குணம் தோன்றாவிடின் உரிம அளவைக் கடந்து ஈஸ்திரஜன் உயர்த்தப்படலாம். மூன்றாவது, கைவிடப்படுதலால் வருவது. பணம் தீர்ந்தபின் அப்பெண் தன் குடும்ப வைத்தியரிடம் மீளுகின்றாள். தனியார் நிபுணரின் சீட்டைத் தொடர அவர் கடமைப்பட்டவரல்லர். இருவரும் தத்தம் நியாயத்தைக் கூற, இடையில் நிற்பவள் அவளே.

இரண்டாவது வகையே அறவியலாளரின் கூர்ந்த கவனத்திற்குரியது. பொருளியலாளர் கெனத் அரோ 1963இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே, வைத்தியம் ஏனைய பண்டங்களைப் போன்றதன்று என வாதிட்டார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான அறிவு வேறுபாடு இங்கு மிகப் பெரிது. பழுதான கடிகாரத்தை வாங்கியவர் அது ஓடாமையைக் கண்டறிவார். வைத்திய ஆலோசனையின் தரத்தை அதனைப் பெற்ற பின்னரும் நோயாளர் பெரும்பாலும் அறியார். மாதவிடாய் நிறுத்தச் சிகிச்சையில் இவ்விடர் இரட்டிப்பாகின்றது. 2004இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, ஓமோன் சிகிச்சை உடற்கொதிப்பின் எண்ணிக்கையை வெற்றுமருந்தினும் 75 வீதம் குறைத்தது எனக் காட்டியது. ஆயின் வெற்றுமருந்து மட்டுமே பெற்றோரிடத்தும் அது ஏறத்தாழ 58 வீதம் குறைந்திருந்தது. மருந்தின் ஆற்றல் ஐயத்திற்கிடமற்றது. எனினும் தனியொரு பெண்ணின் நலம் மருந்தால் வந்ததா, நம்பிக்கையால் வந்ததா, காலத்தால் வந்ததா என்பதை அவளும் அறியாள், நிபுணரும் அறியார். இவ்வறியாமையை ஒப்புக்கொள்பவர் வைத்தியர். அதனை மூலதனமாக்குபவர் வணிகர்.

வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. நியூயோர்க் மகப்பேற்று வைத்தியர் றொபேட் வில்சன் 1966இல் வெளியிட்ட நூலிலே மாதவிடாய் நிறுத்தத்தைக் குறைபாட்டு நோயென வருணித்து, என்றும் பெண்மை குன்றாதிருக்க ஈஸ்திரஜனே வழியென்றார். அதன் செலவை மருந்துற்பத்தி நிறுவனம் ஒன்று ஏற்றது என்பதை அவருடைய மகன் 2002இல் வெளிப்படுத்தினார். இதற்கிடையே 1975இல் வெளியான இரு ஆய்வுகள், தனித்து வழங்கப்பட்ட ஈஸ்திரஜனைக் கருப்பை உட்படலப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியிருந்தன. அதிகம் வாக்களித்தமையும் அதிகம் அஞ்சியமையும் முரண்பட்டவைபோலத் தோன்றினும் ஒரே வேரிலிருந்து முளைத்தவையே. இரண்டிலும் எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணிடம் உள்ளது உள்ளவாறு கூறப்படவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வயதுவந்த, அறிவுள்ள பெண் தன் பணத்தைக்கொண்டு தான் விரும்பும் சிகிச்சையைப் பெறுகின்றாள். அதைத் தடுப்பது அவளை மீண்டும் குழந்தையாக்குவதன்றோ என்பதே அது. இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சுதந்திரத்தின் பெயரால் அவளைத் தனித்து விடுவது எத்துணைத் தவறோ, பாதுகாப்பின் பெயரால் அவள் வாயை அடைப்பதும் அத்துணைத் தவறே. ஆயினும் தெரிவு என்பது தெரிந்து செய்வது. ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் 2015 மார்ச்சில் மொன்ற்கொமெறி வழக்கிலே, சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளையும் நியாயமான மாற்றுவழிகளையும் நோயாளர் அறியச்செய்தல் வைத்தியரின் கடமை எனத் தீர்த்தது. உயர்ந்த அளவு ஈஸ்திரஜனுக்கு ஈடான புரோஜெஸ்தரோன் இல்லையேல் கருப்பை உட்படலம் தடிக்கலாம் என்பதைக் கேளாதவளின் சம்மதம் சம்மதமாகாது. இதே மருந்தைப் பொதுச் சேவையிலும் பெறலாம் என்பதும் மாற்றுவழிகளுள் ஒன்றே. அதனை மறைத்துப் பெறும் கட்டணம் நேர்மையானதன்று.

இதனால் தனியார் வைத்தியம் முழுவதும் பழிக்கத்தக்கது என்பது பெறப்படாது. பிறர் கேளாதவற்றைப் பொறுமையோடு கேட்டு, ஏற்ற மருந்தை ஏற்ற அளவில் வழங்கிப் பெண்களின் வாழ்வை மீட்டளித்த நிபுணர்களும் உளர். கட்டணம் பெறுதல் அவர்தம் அறத்தைக் கெடுத்ததில்லை. கட்டணத்தால் நேரத்தை வாங்கலாம். நாற்பது நிமிட உரையாடலை வாங்கலாம். வைத்தியரின் தீர்ப்பை மட்டும் வாங்கவியலாது. வாங்கப்பட்ட கணத்திலேயே அது தீர்ப்பெனும் தன்மையை இழந்துவிடும். "உங்களுக்கு இப்பரிசோதனை வேண்டாம்", "இம்மருந்தை மேலும் உயர்த்துவதில் நன்மையில்லை", "இவ்வலிக்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை" என்னும் மூன்று வாக்கியங்களைத் தம் வருவாய்க்கு மாறாகவும் கூறவல்லவரே சோக்கிரட்டீசு கருதிய வைத்தியர்.

முன்னரே கேளாது விடப்பட்டு வந்தவளிடம் இக்கடப்பாடு இருமடங்காகின்றது. அவள் கொண்டுவருவது எஞ்சியிருக்கும் நம்பிக்கை. அது பொய்க்குமாயின் அடுத்த வைத்தியரிடம் செல்லும் துணிவையும் அவள் இழந்துவிடலாம். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கினை வைத்தியத்தின் கூறுகளாக எண்ணுகின்றது. அந்நான்கினுள் பொருள் எண்ணப்படவில்லை. செலுத்திய பணம் திரும்பக் கிடைப்பினும் அப்பெண்ணின் மனக்குறை தீராதிருப்பதன் காரணமும் அதுவே. அவளுக்குக் கடன்பட்டிருந்தது பணமன்று, உண்மை.