பிறர் துயரைப் பாடும் உரிமை

பிறர் பட்ட துன்பத்தைப் படாதவர் பாடலாமா என்னும் அறக்கேள்வி, 1980இல் நியூயார்க் ரயிலில் சூப் டப்பாக்களை வரைந்து, 1988இல் எம்டிவி தொலைக்காட்சியின் ராப், அதாவது தாளத்துக்கு இயைந்த பேச்சுப்பாட்டு, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கத் தொடங்கிய ஃபேப் ஃபைவ் ஃபிரெடியைப் பொறுத்தவரை பெரிதாக எழவில்லை. அவர் தம் தெருவின் குரலையே திரைக்குக் கொண்டுசென்றார். கொடைக்கானலில்தான் அக்கேள்வி கூர்மையாக எழுகிறது. பாதரசக் கழிவு வெளிப்பட்டு 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் தொழிலாளர்களுக்காக, சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 2015இல் ராப் ஒன்றைப் பாடினார். கண்டவரே சாட்சி என்பது நீதிமன்ற அளவுகோல். அறத்தின் முன்னோ, கேட்டறிந்தும் வாய்மூடியிருப்பதே குற்றம், ஆயினும் பாடுபவர் அத்துயருக்கு உரிமை கொண்டாடாமல் அதன் தூதராகவே நிற்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் தொழிலாளர்களே. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது.