மாற்றமும் மறைப்பும்

ஒரு பொருளின் உறுப்பை மாற்றுவது வேறு. மாற்றியதை மறைப்பது வேறு. முன்னது தேவையின் பாற்பட்டது. பின்னது அறத்தின் விசாரணைக்கு உரியது. பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே எழும் ஒரு சிக்கல் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும்.

பொகவந்தலாவையில் ஒருவரிடம் 1954ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் வண்டியொன்று உள்ளதெனக் கொள்வோம். அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்டிருந்தது. ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாக வளைந்து ஏறியிறங்கும் மலைப்பாதைக்கு அதன் வலு போதாது. அதே வகையைச் சேர்ந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 1962இல் வந்தது. புறத்தோற்றத்தில் இரண்டும் பெரிதும் ஒத்தவை. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பின்னதை முன்னதன் இடத்தில் பொருத்திவிடலாம். இதுவரை குற்றமில்லை. ஆயின், பழைய எஞ்சினின் எண் தகட்டைக் கழற்றிப் புதியதில் அறைந்து, பழைய மூடியைப் பூட்டி, பழைய நிறத்தையும் பூசி, 'எதுவும் மாறாத வண்டி' என உரிமையாளர் விலை கூறுவாராயின் அதனை என்னென்பது?

உறுப்புகள் மாறிய பின்னும் பொருள் அதுவேதானா என்னும் வினா மிகப் பழையது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பலைப் பற்றிக் கிரேக்க அறிஞர் வாதிட்டதைப் புளூட்டாக் குறிப்பிடுகிறார். 1929இலும் 1930இலும் லே மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ற்லி வண்டியொன்றைப் பற்றி இதே வினா 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒரு கோடி பவுணுக்கு வாங்க இசைந்தவர், வென்ற வண்டியின் உறுப்புகள் இதில் அரிதாகவே எஞ்சியுள்ளன என்றார். வண்டியின் வரலாறு அறுபடாது தொடர்ந்தமையால் அதன் பெயருக்கு அது உரியதே என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்ன காலத்தில் இன்னது மாறியது என ஆராய முடிந்தமையாலேயே அவ்வாறு தீர்ப்பளிக்கவும் இயன்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மாற்றம் அடையாளத்தை அழிப்பதில்லை. மறைப்பே அதனை அழிக்கிறது.

தீங்கு விளைக்காத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். இதனைத் துணைக்கொண்டு, 'வண்டி முன்னிலும் நன்றாக ஓடுகிறது. எவருக்கு என்ன தீங்கு?' எனச் சிலர் வினவலாம். வாங்குபவர் இல்லாத ஒன்றிற்கு விலை கொடுக்கிறார் என்பது வெளிப்படையான விடை. விற்கும் எண்ணமே இல்லாதவிடத்தும் தீங்கொன்று உண்டு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இந்நாட்டில் வாகன இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உதிரிப்பாகம் அரிதான அக்காலத்தில், ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் பூட்டி, கிடைக்காததைப் பட்டறையிலேயே கடைந்து வண்டிகளை ஓடச்செய்தவர்கள் மெக்கானிக்குகளே. வேற்று எஞ்சின் ஒன்று பழைய வண்டியில் இருப்பது அவர்களுடைய கைத்திறனுக்குச் சான்று. தகட்டை மாற்றுபவர் அச்சான்றை அழித்து, அவர்தம் உழைப்பு நிகழவே இல்லை என்று ஆக்கிவிடுகிறார். தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட, கொழுந்து பறித்த கைகள் பெயரின்றிப் போன மலைநாட்டில் இத்தீங்கை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஆகவே, எஞ்சினை மாற்றலாம். அழகு கருதிப் பழைய மூடியையும் அணிவிக்கலாம். நாடக மேடையில் வேடம் பொய்யாவதில்லை; அது வேடமென எல்லோரும் அறிவர். வண்டிக்கும் அவ்வறிவே வேண்டும். புதிய எஞ்சினின் எண் பதிவுச் சான்றிதழில் ஏற வேண்டும். மாற்றிய ஆண்டும் மாற்றியவர் பெயரும் வண்டியின் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். அவ்வொரு வரியை எழுத மனமில்லாதவர் பழமையைப் பேணுபவர் அல்லர். அதன் விலையை மட்டும் பேணுபவர்.