சேஸிஸும் சரீரமும்

பழைய டீசல் பிக்கப் வண்டி இரண்டு அடுக்குகளால் ஆனது. கீழே இரண்டு நீள இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த சேஸிஸ். எஞ்சின், கியர் பெட்டி, ஆக்சில், ஸ்பிரிங் பட்டை எல்லாம் அதைப் பற்றியே நிற்கின்றன. மேலே கேபினும் சரக்குத் தொட்டியும் சேர்ந்த பாடி. கேபின் ரப்பர் புஷ்களின் மேல் அமர்ந்து, போல்ட்டுகளால் சேஸிஸோடு பிணைந்திருக்கும். பாடி லிஃப்ட் கிட் என்பது இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே வைக்கும் கட்டைகளும், அவற்றுக்கு ஏற்ற நீள போல்ட்டுகளும்தான். பெரும்பாலும் 1 முதல் 3 அங்குலம் வரை பாடி உயரும்.

வேலை எளிது போலத் தோன்றும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, துருவேறிய போல்ட்டுகளை எண்ணெயில் ஊறவிட்டுத் தளர்த்தி, ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவே மரப்பலகை கொடுத்து ஒரு பக்கமாகச் சிறிது சிறிதாகத் தூக்கி, கட்டையைச் செருகி, பிறகு மறுபக்கம் செய்ய வேண்டும். பழைய வண்டியில் நைந்த புஷ்களையும் துரு தின்ற தாங்கிகளையும் அப்போதே மாற்றியாக வேண்டும். உண்மையான சிக்கல், இரண்டு அடுக்கையும் இணைக்கும் உறுப்புகளில் இருக்கிறது. ஸ்டியரிங் ஷாஃப்டின் மேல்முனை பாடியில், கீழ்முனை சேஸிஸில். டீசல் ஊற்றும் குழாய், பிரேக் குழாய், எர்த் ஒயர், கியர் லீவர் ஆகியவையும் அப்படியே. ரேடியேட்டர் பாடியோடு உயர்ந்து, ஃபேன் எஞ்சினோடு கீழேயே நின்றால், ஃபேன் அதன் உறையில் உரசும். பாடி மட்டும் உயர்வதால் ஆக்சிலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறாது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவே. 2 அங்குலம் கூடுதல் விட்டமுள்ள டயர் போட்டால் ஆக்சில் 1 அங்குலம் உயரும். வண்டியின் எடை மையமும் கூடவே மேலேறுவதால், வளைவில் சாயும் அபாயமும் கூடும்.

கழற்றவும் உயர்த்தவும் முடிகிற இந்த அமைப்பு ஒரு பழைய கேள்வியை எழுப்புகிறது: இவற்றில் வண்டி எது? மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்ததாகப் பௌத்த நூல் சொல்லும் உரையாடலில் இதே கேள்வி தேரை முன்வைத்து வருகிறது. அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று. அவை கூடிய நிலைக்கு வழங்கும் பெயரே தேர். ஆள் என்பதும் அத்தகைய பெயரே என்று நாகசேனர் முடிக்கிறார். மணிமேகலை அறம் கேட்டுத் தவம் பூண்ட நகராகக் காப்பியம் காட்டும் காஞ்சிக்கு இந்தச் சிந்தனை புதிதன்று.

சட்டம் வேறு விடை தருகிறது. எஞ்சினும் கேபினும் மாறினாலும், சேஸிஸில் பொறித்த எண்தான் வண்டியின் அடையாளங்களில் முதன்மையானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்த அமைப்புக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

கட உபநிடதம் மூன்றாவது விடையைத் தொடங்கிவைக்கிறது. அங்கே உடல் தேர், அறிவு சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், ஆன்மா தேரில் அமர்ந்தவன். உவமை அழகானது, ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டால், ஆன்மா உடலில் ஏறி இறங்கும் பயணி என்றாகிவிடும். காஞ்சியில் வாழ்ந்து வரதராஜப் பெருமாளுக்குத் தொண்டு செய்த இராமானுசர் இந்த உறவை இன்னும் நெருக்கமாக வரையறுத்தார். ஓர் அறிவுள்ள பொருள் தன் பொருட்டு எப்போதும் முழுமையாகத் தாங்கவும் ஆளவும் கூடியதாய், அதற்கே உரிமைப்பட்டிருப்பதையே தன் இயல்பாகக் கொண்ட பொருள் எதுவோ, அதுவே அதன் சரீரம் என்பது அவருடைய ஸ்ரீபாஷ்யம் தரும் இலக்கணம். தாங்கப்படுதல், ஆளப்படுதல், உரிமைப்பட்டிருத்தல் என மூன்று அடையாளங்கள்.

பிக்கப் வண்டியை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். சேஸிஸ் பாடியைத் தாங்குகிறது. ஆனால் அதற்கு அறிவில்லை, ஆகவே பாடி அதன் சரீரமாகாது. ஓட்டுநருக்கு அறிவுண்டு, வண்டியை ஆள்கிறார். ஆனால் அவர் இறங்கிப் போன பின்னும் வண்டி வண்டியாகவே நிற்கிறது. அது அவருக்குக் கருவி, சரீரமன்று. சரீரமோ ஆன்மாவைப் பிரிந்து சரீரமாக நிலைபெறாது. இந்தப் பிரிக்கவொண்ணாமையை வைணவ மரபு அப்ருதக்சித்தி என்கிறது. கேபினைச் சேஸிஸிலிருந்து இறக்கி வைத்தாலும் கேபின் கேபினே. நடுவே ஒரு கட்டை நுழைய இடமிருப்பதே இரண்டும் தனித்து நிற்கக்கூடியவை என்பதற்குச் சான்று. உயிருக்கும் உடலுக்கும் நடுவே அப்படியொரு கட்டைக்கு இடமில்லை. இராமானுசர் இதே உறவை இறைவனுக்கும் உலகுக்கும் விரித்தார்: உயிர்களும் சடப்பொருள்களும் இறைவனுக்குச் சரீரம், அவன் அவற்றுக்கு உள்நின்ற உயிர்.

கருவிக்கும் சரீரத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு பழையசீவரத்தில் ஆண்டுதோறும் கண்முன் நிகழ்கிறது. பாலாற்றங்கரையில் இலட்சுமி நரசிம்மர் மலைக்கோயில் கொண்ட இந்த ஊருக்கு, மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்கு எழுந்தருள்கிறார். ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் சுமக்கும் பல்லக்கு ஒரு தாங்கி. உற்சவங்கள்தோறும் வாகனம் மாறும், பழுதானால் புதிதாகச் செய்யப்படும். பெருமாளின் திருமேனியை வைணவ மரபு அவ்வாறு கொள்வதில்லை. அர்ச்சாவதாரம் எனப்படும் அந்தத் திருமேனி இறைவனைச் சுட்டும் அடையாளமன்று. இறைவனே எடுத்துக்கொண்ட வடிவம். பல்லக்கின் தண்டை எவ்வளவு உயர்த்திப் பிடித்தாலும் உயர்வது பல்லக்குதான்; அந்த உயரம் அவருக்காகவும் அன்று, கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவர் காண்பதற்காக.